தகரக் கூரையின் கீழ் ஒரு சித்திரை

கோடை பிறந்தால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போவோர் உண்டு. நமக்குக் கோடை பிறந்தால் ராபர்ட்சன்பேட்டைதான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் மூட்டை கட்டுவதும், மும்பையில் ரயிலேறிப் பெங்களூரில் இறங்குவதும், அங்கிருந்து மாரிக்குப்பம் வண்டியைப் பிடிப்பதும் பல ஆண்டுகளாக மாறாத வழக்கம். கோலார் தங்கவயல் நம் தந்தையார் பிறந்து வளர்ந்த ஊர். அவருடைய தமக்கையார், நம் அத்தை, இன்றும் அங்கேதான் இருக்கிறார். இவ்வாண்டு சித்திரையில் அத்தையின் தகரக் கூரையின் கீழ்ப் பத்து நாள் தங்கினோம். அந்தப் பத்து நாளில் நேர்ந்ததையும் கற்றதையும் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் தகரத்தின் கீழோ கல்நார்த் தகட்டின் கீழோ கோடையைக் கழித்தவர்கள் நம்முள் பலர் அல்லவா?

பெங்களூரிலிருந்து தங்கவயல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பங்காருப்பேட்டையில் பெரிய பாதையை விட்டுக் கிளைப்பாதையில் வண்டி திரும்பும். மாலை வண்டியில் ஏறினால் நிற்கவும் இடம் இராது. விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்றவர்கள் எல்லாரும் அதில்தான் திரும்புகிறார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட நாள் முதல் இவ்வூரின் வயிறு பெங்களூரில் இருக்கிறது, தலையணைதான் தங்கவயலில். வண்டி உரிகத்தை நெருங்கும்போது தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் சாம்பல் நிறக் குன்றுகளாகத் தெரியும். கோடைக் காற்று எழுந்தால் அம்மண் மாவாகப் பறந்து வீடுகளுக்குள் நுழைகிறது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னே கதவைப் பற்றிப் பேசும்போது இதுவும் வரும்.

ராபர்ட்சன்பேட்டை, மைசூரில் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ராபர்ட்சன் துரையின் பெயரால் அமைந்த நகரம். நேர்நேராக வெட்டிய தெருக்களும் பெரிய மார்க்கெட்டும் கடைகளுமாக விளங்குவது. ஆனால் சுரங்கத் தொழிலாளர் பெரும்பாலும் குடியிருந்தது நகரத்தில் அன்று. சுரங்கத்தை ஒட்டிய லைன்களில். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் கூட்டம் கூட்டமாக வந்தபோது, அவர்களை இருத்த எழுந்தவை அந்த வரிசை வீடுகள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர்த் தோட்டத்திலும் தமிழன் குடியிருந்த வரிசைக்கு 'லயம்' என்று பெயர், இங்கே 'லைன்'. எழுத்தில் சற்று வேறுபாடு. இருப்பில் வேறுபாடு அதிகமில்லை.

பழைய லைன் வீடு என்பது ஓர் அறை. பத்தடிக்குப் பத்தடி இருந்தால் பெரிது. மூங்கில் தட்டியில் மண் அப்பிய சுவர், மேலே நெளிவுத் தகரம், கீழே சாணம் மெழுகிய தரை. அதற்குள் தாய், தந்தை, நான்கைந்து பிள்ளைகள், அடுப்பு, ஆட்டுக்கல், பெட்டி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மோட்டாரோடு இணைந்த சிறு வீட்டை ஓட்டிச் சென்று, பிடித்த இடத்தில் நிறுத்தி, கோடையைக் கழிக்கிறார்கள். அந்த வண்டி வீட்டின் துன்பம் முழுவதும் இந்த வீட்டிற்கும் உண்டு: மெல்லிய தகடு, தாழ்ந்த கூரை, அடைபட்ட காற்று. வண்டிக்காரர் வெயில் கடுத்தால் மரத்தடிக்கு நகர்த்திக்கொள்ளலாம். லைன் வீட்டுக்குச் சக்கரம் இல்லை. மரத்தைத்தான் வீட்டருகே கொண்டுவர வேண்டும்.

தங்கவயல் கடல்மட்டத்திற்குச் சுமார் 2,800 அடி உயரத்தில் இருப்பதால், வேலூரின் வெயில் இங்கே இல்லை. சித்திரைப் பகலில் நிழலில் 35 பாகையைத் தொடும். சில நாள் அதைக் கடக்கும். இரவில் இருபதுக்குச் சற்றே மேலாக இறங்கிவிடும். ஆனால் இவை வெளியே நிழலில் உள்ள கணக்கு. உச்சி வெயிலில் தகரத்தில் உள்ளங்கையை வைத்து எடுப்பதற்குள் தோல் சிவந்துவிடும். அந்தத் தகடு தன் வெப்பத்தைக் கீழே இருப்பவரின் உச்சந்தலையில் அனலாக இறக்குகிறது. காற்று எவ்வளவு இருந்தாலும் அந்த அனல் நேரே உடம்பில் விழுவதால், வீட்டுக்குள் இருப்பவர் வெளியே புங்கமரத்தடியில் இருப்பவரைவிட அதிகம் வேகிறார்.

இந்த வீட்டிலிருந்து புறப்பட்ட ஆண்மக்கள் போய் இறங்கிய இடமோ இதனினும் கொடிது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே இறங்கிற்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு ஏறக்குறைய 65 பாகை. அங்கே காற்றிலும் ஈரம் மிகுதி. வியர்வை வழியுமே தவிர உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும் என்பதைப் பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டனார் உடம்பால் அறிந்திருந்தார். ஆதலால்தான் தரைமட்டத்தில் பெரிய குளிர்பதன இயந்திரங்களை நாட்டி, குளிர்ந்த காற்றைப் பாதாளத்துக்கு அனுப்பினார்கள். பூமிக்கு அடியில் வேலை நடக்கக் குளிர்காற்று சென்றது. மேலே தகரத்தடியில் தூளியில் கிடந்த பிள்ளைக்குப் பாட்டியின் பனையோலை விசிறிதான். 1902-இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்துவிட்டது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் அத்தை பிறந்த வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

அப்படியிருந்தும் அக்காலத்து மனிதர் கோடையைக் கடந்தார்கள். எவ்விதம் என்று அத்தையைக் கேட்டோம். அவர் சொன்னவற்றில் பாதி நாமே சிறுவயதில் கண்டவை, கண்டும் கவனியாதவை.

அடுப்பு பொழுது விடியுமுன் எரிந்து, பொழுது ஏறுமுன் அணைந்துவிடும். அதுவும் மாசியிலேயே வாசலுக்கு வந்துவிடும். நண்பகலுக்குக் கேழ்வரகுக் கூழும் மோரும் வெங்காயமும். கூழை முதல்நாள் இரவே கரைத்து வைத்திருப்பார்கள். உச்சிவேளையில் எந்த வீட்டிலும் புகை எழாது. தைமாதமே வாசற்புறத்தில் சுரை விதையும் பூசணி விதையும் ஊன்றிக் கொடியைக் கூரையில் ஏற்றிவிடுவார்கள். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் அதற்குத்தான். சித்திரையில் தகரம் தெரியாமல் இலை மூடியிருக்கும். காய் வேறு கிடைக்கும். கொடி ஏறாத இடத்தில் தென்னங்கீற்றைப் பரப்பிக் கல்லை வைப்பார்கள். அடுப்புப் பொறிக்கு அஞ்சுவோர் அதை விலக்கிவிடுவார்கள்.

வீட்டுக்குள் கூரைக்கு ஒரு முழம் கீழே மூங்கில் பாயைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள். தகரத்துக்கும் பாய்க்கும் நடுவே உள்ள காற்று சூடாகி, நெளிவுத் தகரம் சுவரில் அமரும் இடத்து வளைந்த சந்துகளின் வழியே தானே வெளியேறும். அந்தச் சந்துகளைக் குறையென்று எண்ணியிருந்தோம். அவைதான் அவ்வீட்டின் மூக்குத் துளை. வாசலில் வெட்டிவேர்த் தட்டி. அதற்கு வழியில்லாதவர்க்குக் கோணிச் சாக்கு. மணிக்கொருமுறை நீர் தெளித்தால் காற்று குளிர்ந்து வரும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பது விஞ்ஞானக் கணக்கு. மண்பானை குளிர்வதும் அதே கணக்கில்தான். பானைக்கடியில் ஆற்றுமணல் போட்டு நனைத்து வைப்பார் அத்தை. அந்த மணலில் கொத்தமல்லியும் முளைக்கும்!

இரவில் ஒருவரும் உள்ளே படுப்பதில்லை. கயிற்றுக் கட்டில்கள் சந்தில் இறங்கும். ஒரு கோடி முதல் மறுகோடி வரை லைனே ஒரு வீடு. இரவு ஷிப்டு முடித்து வருபவர் கட்டில்களுக்கிடையே கால்வைத்துத் தம் கட்டிலைத் தேடி வருவார். தகரத்துக்கும் ஒரு நற்குணம் உண்டு. சூரியன் போனபின் அது விரைவில் ஆறும். கல் சுவர் நள்ளிரவிலும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

இவற்றையெல்லாம் அறிந்த அத்தைதான், நாம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு மயங்கி விழுந்தார்.

நாம் அன்று ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். அத்தை மகன் விடியற்கால வண்டியில் பெங்களூருக்குப் போய்விட்டான். மருமகளும் அங்கேயே ஒரு தையற் கம்பெனியில். நம் மகள் மட்டும் வீட்டில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. மின்சாரம் நின்று விசிறியும் நின்று அரைமணி ஆகியிருந்தது. அத்தை ஏதோ பொருந்தாமல் பேசுவதைக் கேட்டுக் குழந்தை அஞ்சி, எதிர்வீட்டு ஆயாவை அழைத்திருக்கிறாள். அந்த அம்மையார் எண்பதை எட்டியவர். ஓடிவந்து, இருவராக அத்தையைப் புங்கமரத்தடிக்கு இழுத்துவந்து, புடவையோடு நீரை ஊற்றி, முறத்தால் விசிறியிருக்கிறார்கள். நினைவு தெளியும்வரை வாயில் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. மயங்கியவர் வாயில் நீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம் திரும்பும்போது 108 வண்டி வந்து நின்றது. மருத்துவர் இரண்டு பாட்டில் ஏற்றி, மாலையில் அனுப்பிவிட்டார். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்று அவர் சொன்னபோது, கையில் இருந்த நுங்குப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றோம்.

அன்றிரவு காரணத்தை ஆராய்ந்தோம். முதலாவது, கூரைக்கொடி இல்லை. குழாய்நீர் பல நாளுக்கொருமுறை வருவதால் செடிக்கு ஊற்ற மனம் வரவில்லை. இரண்டாவது, அத்தை மகன் அன்பினால் செய்தது: தட்டிச் சுவரை எடுத்துச் சிமெண்டுச் சுவர் வைத்தபோது, எலி வருகிறதென்று தகரத்தின் சந்துகளைச் சாந்து பூசி அடைத்துவிட்டான், பாய் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிட்டான். மூன்றாவது கதவு. சயனைடு மண் பறந்து வருகிறது, தெருவிலும் ஆளில்லை, திருட்டுப் பயம் என்று பகலெல்லாம் சாத்தியே இருக்கிறது. முன்னெல்லாம் பகலில் லைனில் பாதி ஆண்கள் இருப்பார்கள். இரவு ஷிப்டுக்காரர் பகலில் திண்ணையில் அல்லவா கிடப்பர்? இப்போது காலை ஐந்து மணிக்கு ஊர் காலியாகி, கிழவர்களும் பூனைகளும் மிஞ்சுகிறார்கள்.

நான்காவது காரணத்தை அத்தை நம்மிடம் சொல்லவில்லை. நம் இல்லாளிடம் தனியே சொன்னார். காலைமுதல் அவர் குடித்தது ஒரு டம்ளர் காப்பி மட்டுமே. தண்ணீர் குடித்தால் பொதுக் கழிப்பிடத்துக்குப் போகவேண்டும். அது லைனின் கோடியில், வெயிலில், படியேறிப் போகவேண்டிய இடத்தில் இருக்கிறது. "வெயில்ல எத்தினி தபா நடக்கறது கண்ணு? குடிக்காமயே இருந்துட்டா ஒரு வேலை மிச்சம்" என்றாராம். இரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் மாத்திரை வேறு உடம்பின் நீரை இறக்கும் இனமாம். மும்பையிலிருந்து ஆண்டுதோறும் பட்டுப்புடவை வாங்கிச் சென்ற நாம் இதைக் கேட்டதே இல்லை.

அத்தை மகன் மறுநாளே குளிர்சாதன இயந்திரம் தவணையில் வாங்குவதாகப் புறப்பட்டான். அவனைத் தடுத்தோம். சந்துள்ள தகரப் பெட்டியைக் குளிர்விப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதே. மின்சாரம் நிற்கும் உச்சிவேளையில் அதுவும் நிற்கும். அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போய்விடுகிறேன் என்றான். அவன் பார்த்து வைத்திருந்தது நான்காம் மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே ஓர் அறை. அத்தை அதைக் கேட்டதும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இங்க விழுந்தா ஆயா வருவா, அங்க விழுந்தா யாரு வருவா?" என்று கேட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த நான்கு நாளும் வேலை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, ஊறவைத்து, பிடிப்புக்காக அரிசிக் கஞ்சி கலந்து, தகரத்தைத் துருப் போகத் தேய்த்துக் கழுவி, அதிகாலையில் இரண்டு பூச்சு பூசினோம். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். இது நாம் கண்டுபிடித்ததன்று. 2010-இல் வெப்ப அலையால் பெருந்துன்பம் கண்ட அகமதாபாத் நகரம் 2013-இல் வெப்பத்துக்கென்றே செயல்திட்டம் வகுத்தது. பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசவும் முற்பட்டது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்று கொள்கையே வெளியிட்டது. சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரையும், ஆண்டுதோறும் பூசவேண்டும். பொங்கலுக்குச் சுவருக்கு அடிப்பதைப் பங்குனியில் கூரைக்கு அடித்தால் போயிற்று.

அடைத்த சந்துகளை உளியால் திறந்து, எலி புகாதபடி கம்பி வலை வைத்தோம். பிளாஸ்டிக் தாள் போய் மூங்கில் பாய் மீண்டும் வந்தது. கதவுக்கு உள்ளே கொசுவலைச் சட்டம் ஒன்று தச்சர் செய்து தந்தார். அதன்மேல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் மண்ணும் அதில் ஒட்டிக்கொள்கிறது, காற்றும் வருகிறது. கழிப்பிடத்துக்கு மாற்று வழி காண்பதுதான் கடினமாயிற்று. முடிவில் வீட்டுக்குப் பின்னே மூன்றடி இடத்தில் தகரத் தடுப்பு அமைத்து நாற்காலிக் கழிப்பிடம் ஒன்றை வைத்தோம். இதற்குச் செலவான பணம் ஒரு பட்டுப்புடவையின் விலைக்கும் குறைவு என்பதை வெட்கத்தோடு எழுதுகின்றோம்.

எதிர்வீட்டு ஆயா முன்வந்து ஓர் ஏற்பாடு செய்தார். பன்னிரண்டு மணிமுதல் மூன்று மணிவரை அந்த வரிசையில் தனியே இருக்கும் ஏழு கிழவிகளும் இரண்டு கிழவர்களும் புங்கமரத்தடியில் கூடுவது. யார் வரவில்லையோ அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது. ஒரு லிட்டர் நீருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு என்ற கணக்கைப் பிள்ளைகள் அட்டையில் எழுதி மரத்தில் கட்டினர். நீரிழிவுள்ளோர் மோரே போதும் என்றனர். வளைகுடாவில் வேலைசெய்து திரும்பிய அண்டைவீட்டுத் தம்பி ஒருவர், ஐக்கிய அரபு நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கலாகாது என்று சட்டமே இருக்கிறது என்றார். தகரக் கூண்டு அறையில் படுத்துறங்கியவர் அவர். பகல் இடைவேளையில் அதற்குள் போக அஞ்சிக் கட்டட நிழலிலேயே படுப்பார்களாம்.

மும்பை அன்பர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நனைத்த சாக்கும் வெட்டிவேர்த் தட்டியும் தங்கவயல்போல் வறண்ட காற்றுள்ள ஊரில்தான் பயன்தரும். நம் கடற்கரை நகரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால், வீட்டில் நீர் தெளித்தால் புழுக்கம்தான் மிகும். இங்கே நமக்கு உதவுவன வெள்ளைக் கூரையும், எதிரெதிர்த் திறப்பும், விசிறியும். 40 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் மின்விசிறி உடலைக் குளிர்விக்காது, சூட்டையே ஏற்றும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. கல்நார்த் தகடு போட்ட கூரையாயின் அதை உலர்நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டா. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. நீரால் நனைத்து, அப்படியே மேலே பூசுங்கள்.

நாம் புறப்பட்ட நாளுக்கு முந்தைய மாலை, சூரியன் சயனைடு மேட்டுக்குப் பின்னே இறங்கிற்று. தகரம் சுருங்கத் தொடங்கி, 'டிக், டிக்' என்று ஒலித்தது. சிறுவயதில் அந்த ஒலி கேட்டதும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு ஓடுவோம். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து, பானையிலிருந்து ஒரு சொம்பு நீரை மொண்டு, முழுவதும் குடித்தார். பிறகு நம் மகளைக் கூப்பிட்டு, "கட்டிலை எடுத்துப் போடு கண்ணு, ஆயாவுக்கும் சேத்து" என்றார்.